ஏணி பிடிக்க ஓர் ஆள்

அத்தியாயம் பதினொன்று

மூன்று பெயர்கள் எழுத வேண்டிய தாளில் இரண்டை எழுதிவிட்டு, மூன்றாவதற்குப் பேனா நகராமல் மூடிவைத்தாளே பெரியவள், அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். அன்றிரவு அவள் தூங்கினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். காலை ஏழேகாலுக்கெல்லாம் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களும் வந்துபோகிற கடை அது. பெயிண்ட், டைல்ஸ், பைப், பூட்டு, விளக்கு, ஆணி. நான்கு நீள வரிசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று ஆள் உயரத்துக்கு இரும்பு அடுக்குகள். அப்பா முப்பத்தொரு வருடத்துக்கு முன் தொடங்கினார். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே நாளில் அவரைவிட்டுப் போயின. அதிலிருந்து கணக்கைப் பெரியவள் பார்க்கிறாள். கடைத்தளத்தைத் தம்பி பார்க்கிறான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். முப்பத்தாறு வயதாகியும் அது மாறவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு வங்கியிலிருந்து ஃபோன் வரும். கடைக்கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால், நூறுக்கு விற்றால் பத்தொன்பது ஆள்செலவுக்குப் போகிற நிலை மாறிப் பதினாலுக்கு இறங்க வேண்டும். அதாவது மூன்று பேர் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெரியவள் விளக்குகளைப் போட்டுக்கொண்டே நான்காவது வரிசைக்கு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

சக்கரம் வைத்த அந்தப் பெரிய ஏணியை நேற்று மாலை வரிசையின் வாசலில் பார்த்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு போனாள். இப்போது அது வரிசையின் மறுகோடியில், அவளுடைய கண்ணாடி அறைக்கு எதிரே, யாரோ கொண்டுவந்து நிறுத்தியதுபோல் நின்றது.

"தரை சாய்வு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். "இடது சக்கரத்துல பிரேக் நிக்காது. தானா உருண்டிருக்கு."

சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த ஏணியைத் தொடாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுற்றிப் போய்த்தான் தன் அறைக்குள் நுழைந்தாள்.

அந்த ஏணிக்கு ஓர் ஆள் இருந்தார். ஏணிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெருக்குவார், லாரி வந்தால் இறக்குவார், ஆனால் அவருடைய முதல் வேலை ஏணி பிடிப்பது. ஏறுகிறவன் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "பிடிச்சாச்சா?" என்று கேட்பான். அவர் வலது பாதத்தை இடது சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் ஏணியைப் பற்றி, "பிடிச்சாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த கால் ஏறும். முப்பது வருடம், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. அந்தக் கடையில் ஒருவர்கூட விழுந்ததில்லை.

ஒன்பது மாதத்துக்கு முன் அவருக்கு ஒரு தாள் போயிற்று, வேலை இல்லை என்று. ஐந்து மாதத்துக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகுதான் கடையில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. ஏணி பிடிக்க ஆள் இல்லை. ஆனால் ஏறுகிறவன் பழக்கதோஷத்தில் "பிடிச்சாச்சா?" என்கிறான். எங்கிருந்தோ "பிடிச்சாச்சு" என்று பதில் வருகிறது. பெரியவளே பலமுறை கேட்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வாள்? அந்தத் தாளை எழுதியவள் அவள்.

ஊருக்கெல்லாம் அப்பா எழுதியது என்றுதான் கணக்கு. தாளின் கீழே அப்பாவின் கையெழுத்து, அப்பா விழுவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. கையெழுத்தையும் தேதியையும் போட்டவள் இவள். அப்போது அப்பா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் முப்பத்தொரு கூலிப் பதிவேடுகளையும் அந்த வாரம்தான் உட்கார்ந்து படித்தாள். அப்பா ஒரு விசித்திரமான கணக்கு வைத்திருந்தார். பெரிய டப்பா வெள்ளைப் பெயிண்ட் என்ன விலையோ, அதுதான் ஒருவருடைய ஒரு நாள் கூலி. டப்பா விலை ஏறினால் கூலியும் ஏறும். முதல் வருடம் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். நூறுக்கு விற்றால் ஒன்பதுதான் அவர்களுக்குப் போயிற்று. இப்போது பத்துப் பேர். போவது பத்தொன்பது. கூலி ஏறிற்று, காப்பீட்டுப் பங்கு சேர்ந்தது, விடுப்புச் சம்பளம் சேர்ந்தது. அவை எல்லாம் நியாயமானவைதான். விற்பனைதான் கூட ஏறி வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் வந்த பெரிய கடையில் வாங்குகிறவனே வண்டியைத் தள்ளி, வாங்குகிறவனே எடுத்து, வாங்குகிறவனே பில்லும் போட்டுக்கொள்கிறான். அங்கே ஏணி பிடிக்க ஆள் எதற்கு?

அந்த வாரம் வந்த வங்கி அதிகாரி பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே வேலை என்ற இடத்தில் "ஏணி" என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏணி பிடிக்கிறதுக்கு ஒரு முழுச் சம்பளமா மேடம்?"

அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கூசிப்போயிற்று. தாளை எழுதினாள். எழுதும்போது, பூட்டிக்கொள்ளும் சக்கரம் வைத்த புது ஏணி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்றும் நினைத்தாள். விலையும் கேட்டாள். ஏணிக்காரரின் மூன்று மாதச் சம்பளம். அந்த மாதம் வேறு ஏதோ தலைபோகிற செலவு வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. புது ஏணி வரவே இல்லை.

*

எட்டு மணிக்குத் தம்பி வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக அறைக்குள் வந்து மேசைமேல் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு பேருதான் இருக்கு. மூணாவது யாரு?"

"இன்னும் எழுதல."

"எழுதல, ஆனா முடிவு பண்ணிட்ட. கலர் மாமாதானே?"

கலர் மாமா பெயிண்ட் கலக்குகிறவர். சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தைக் கலந்து கொடுப்பார். கடையிலேயே அதிகச் சம்பளம் அவருக்குத்தான்.

"அக்கா, அப்பா செஞ்சதையே நீயும் செய்யாத."

"நாலு மணிக்கு ஃபோன் வரும்டா. நான் என்ன சொல்லட்டும்?"

"என்ன வேணா சொல்லு. ஆனா மூஞ்சிக்கு நேரா நின்னு அவர்கிட்ட சொல்லு. தாள் அனுப்பாத. முப்பது வருஷம் நம்ம ஆளுங்க உசுரைக் கையில பிடிச்சுட்டு நின்ன மனுஷனை ஒரு தாள்ல முடிச்சாரு பாரு உங்க அப்பா, அதை மட்டும் செய்யாத."

உங்க அப்பா. அவனுக்கு ஐந்து மாதமாக அப்படித்தான்.

முன்பெல்லாம் தினமும் காலையில் அப்பாவுக்கு அவன்தான் முகம் மழித்துவிடுவான். தாடையைப் பிடித்துத் திருப்பி, கதை பேசிக்கொண்டே, ஒரு முடி மிச்சமில்லாமல் செய்வான். ஏணிக்காரரின் சாவு வீட்டில் அவருடைய மனைவி இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாகுற வரைக்கும் அந்தத் தாளை மடிச்சு மடிச்சு வெச்சிருந்தாரு தம்பி" என்று அழுதாளாம். மறுநாள் ரேசரை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அப்பா அறையைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்பாவின் கண்கள் வாசல்வரை அவன் பின்னாலேயே போய், அங்கேயே நிற்கும். பெரியவள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கடைக்குக் கிளம்புவாள்.

சொல்லிவிடலாம் என்று இன்றைக்கும் வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினாள்.

"மூணு மணிக்கு அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வர்றாங்க," என்றாள். "கடன் பேப்பர்ல அவர் பெருவிரல் ரேகை வேணும்."

"வரட்டும். நான் கோடவுன்ல இருக்கேன்."

*

பதினோரு மணிக்கு அவள் எழுந்து கலர் மாமாவிடம் போனாள். மூஞ்சிக்கு நேராகத்தானே சொல்ல வேண்டும்? சரி, சொல்லிவிடுவோம்.

அவர் ஒரு டப்பாவைத் திறந்து, மரக்குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நகம் அளவு ஒரு சுவர்ச் சில்லு.

"வா பாப்பா. இது என்ன கலர் சொல்லு பாப்போம்?"

"வெள்ளை."

"எல்லாரும் வெள்ளைன்னுதான் சொல்லுவாங்க. இதுல மஞ்சளும் இருக்கு, ஒரு சொட்டு கறுப்பும் இருக்கு. கறுப்பு இல்லாம எந்த வெள்ளையும் நிக்காது."

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வரிசையிலிருந்து, "பிடிச்சாச்சா?" என்று ஒரு குரல். விளக்குப் பகுதி ஆள் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

கலர் மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. டப்பாவைக் கலக்கிக்கொண்டே, "பிடிச்சாச்சு" என்றார்.

பெரியவள் அந்த வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"மாமா! நீங்களா? இத்தனை நாளும் நீங்களா?"

"நான் மட்டுமா? யார் காதுல விழுதோ அவங்க சொல்லிடுவோம்."

"அங்க யாருமே பிடிக்கலையே மாமா!"

"பிடிக்க ஆள் எங்க இருக்கு? அவனவனுக்குத் தலைக்கு மேல வேலை. ஆனா கேட்டுட்டு நிக்கிறான் பாரு, அது தாங்கல. பதில் வரலேன்னா கால் ஏறாது அவனுக்கு. அப்படியே நிப்பான். அந்த அமைதி இருக்கே பாப்பா... அவரு செத்துப்போனது அப்போதான் தெரியும். அதுக்குத்தான் யாராவது ஒருத்தர் சொல்லிடுறது."

பேய் இல்லை என்று முதலில் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நொடியே அடைத்துக்கொண்டது.

"கேட்டவன் நிஜமாவே யாரோ பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சுட மாட்டானா?"

"குனிஞ்சு பாத்தா தெரியும். யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. அவரு இருந்தப்ப பாத்ததே இல்லையே. பழகிப்போச்சு."

குச்சியை டப்பாவின் விளிம்பில் தட்டிவிட்டு, அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூணாவது பேரு என்னோடதுதானே? எழுதிக்கோ. எனக்குக் கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இன்னும் புரியல. உங்க அப்பா ஏன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லல? ஒருத்தனைத் திட்டணும்னாக்கூடப் பக்கத்துல உக்கார வெச்சுத் திட்டுற மனுஷன். அவருக்குப் போயி தாள் எழுத எப்படி மனசு வந்துச்சு?"

சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவள் அறைக்குத் திரும்பினாள். மேசையில் உட்கார்ந்து, மூன்றாவது பெயரை எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

*

மூன்று மணி என்றது மூன்றரையாகித்தான் அம்மா அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

விழுந்த பிறகு அப்பா கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஆளாளுக்கு வந்து, "ஐயா, ஐயா" என்று கையைத் தொட்டார்கள். அப்பாவின் கண்கள் ஒவ்வொருவர் முகமாகப் போய், யாரையோ தேடிக்கொண்டு அவர்களைத் தாண்டியும் போயின. தம்பியின் நிழலைக்கூடக் காணோம்.

"லைட்டெல்லாம் பாக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்," என்று அம்மா நாற்காலியை நான்காவது வரிசையின் கோடியில், கண்ணாடி அறை வாசலிலேயே நிறுத்தினாள். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் போட்டாள். மறக்காமல் இழுத்தும் பார்த்தாள். அம்மா எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள்.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் மேசைமேல் இருந்த பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள்.

"எங்க ரேகை வெக்கணும்?"

"இருங்கம்மா. மை எடுக்கிறேன்."

வெளியே ஒரு வாடிக்கையாளர் கூடத்து விளக்கு ஒன்று வேண்டும் என்று நின்றார். அது மேல் அடுக்கில்தான் இருந்தது. விளக்குப் பகுதி ஆள் சாப்பிடப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் கோடவுனிலிருந்து தம்பி வந்தான். வரிசையின் கோடியில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பார்க்காதவன்போல ஏணியை இழுத்து நிறுத்தினான். மனசு எங்கேயோ இருந்ததால், சக்கரத்தின் பிரேக்கை மிதித்தானா இல்லையா என்று அவனுக்கே தெரியாது.

பெரியவள் மேசை இழுப்பறையில் தலையை விட்டுக்கொண்டு மை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

பதில் மிகப் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது. யார் சொன்னது என்று பெரியவள் தலையைத் தூக்கினாள். அறையில் வேறு யாரும் இல்லை. அம்மா மட்டும் இவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னது அவள்தான்.

அவள் எழுந்து ஓடுவதற்குள் தம்பி எட்டாவது படியில் இருந்தான். கை நீட்டி விளக்குப் பெட்டியை இழுத்தான். இழுத்த வேகத்தில் ஏணி அசைந்தது, பிறகு நகர்ந்தது, பிறகு சாய்வில் உருளத் தொடங்கியது. பெட்டி கீழே விழுந்து கண்ணாடி சிதறியது. அவன் ஒரு கையால் அடுக்கைப் பிடிக்கப் பார்த்தான். கை வழுக்கிற்று.

"டேய்!"

ஏணி நேராகச் சக்கர நாற்காலியை நோக்கிப் போயிற்று. அப்பாவால் நகர முடியாது. நகர முடிந்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாற்காலியின் காலடிப் பலகையில் ஏணி டமாரென்று மோதியது. நாற்காலி கிறீச்சிட்டபடி ஒரு முழம் பின்னால் தேய்ந்து நின்றது. அப்பாவின் இடது கை நீண்டு ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவர் முகம் கோணிற்று. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கை விடவில்லை.

தம்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். கன்னத்தில் அடுக்கு உரசிய கோட்டில் ரத்தம்.

கடையே ஓடி வந்தது. "யாருப்பா பிடிச்சாச்சுன்னு சொன்னது?" என்று ஒருவர் கத்தினார். கலர் மாமா பின்வாசலிலிருந்து மூச்சு வாங்க வந்தார். "நான் லாரிகிட்ட இருந்தேனே! நான் இல்லப்பா!" ஆளுக்கு ஆள் நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தம்பி அப்பாவின் முன்னால் மண்டி போட்டான். அவர் கை இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இன்னைக்குப் பிடிக்கிறீங்களே! நீங்கதானே அவருக்குத் தாள் எழுதினீங்க? அவரை அனுப்பாம இருந்திருந்தா இன்னைக்கு..."

"அப்பா எழுதல."

பெரியவளின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாக இருந்தது. இன்னொரு முறை சொன்னாள்.

"அப்பா எழுதலடா. நான்தான் எழுதினேன்."

தம்பி திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது.

"கையெழுத்து?"

"நான் போட்டது."

"தேதி?"

"அதுவும். அப்பா அப்போ ஆஸ்பத்திரியில இருந்தாரு. இப்ப பிடிச்சாச்சுன்னு சொன்னதும் நான்தான். பேய் இல்ல, பிசாசு இல்ல. ரெண்டும் நான்தான்."

கலர் மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அதானே பாத்தேன்," என்று தனக்குத்தானே சொன்னார்.

தம்பி மெல்லக் கையை நீட்டி அப்பாவின் தாடையைத் தொட்டான். அம்மாவின் கைக்குத் தப்பிய முடிகள் அங்கங்கே நரைத்து நீட்டிக்கொண்டிருந்தன. தாடையைப் பிடித்து, மழிக்கும்போது திருப்புவானே, அதேபோல ஒரு பக்கம் திருப்பினான். மறுபக்கம் திருப்பினான். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து அவன் விரலில் இறங்கியது.

"அஞ்சு மாசம்க்கா," என்றான். "தினமும் அந்த ரூமைத் தாண்டிப் போனேன். நீ பாத்துட்டுதானே இருந்த?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

அதற்கு மேல் அவள் பூசி மெழுகவில்லை. பூசி மெழுக ஒன்றும் இல்லை.

அறைக்குள் ஃபோன் அடித்தது. நான்கு மணி. பத்து முறை அடித்து ஓய்ந்தது. பக்கத்தில் இருந்த அம்மாகூட எடுக்கவில்லை.

அம்மா வெளியே வந்து, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக ஏணியிலிருந்து எடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது அவர் கையெழுத்து இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள், கடைச்சாவியை எங்கே வைத்தேன் என்று சொல்கிற அதே சாதாரணக் குரலில்.

பெரியவள் நிமிர்ந்தாள். "அப்பவேன்னா எப்போ?"

"ஏணிக்காரர் நம்ம வீட்டுக்கு வந்திருந்தாரு. நீங்க ரெண்டு பேரும் கடையில இருந்தீங்க. கட்டில் பக்கத்துல உக்காந்து, 'ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்'னு கேட்டு, தாளை விரிச்சுக் காட்டினாரு. உங்க அப்பா தலையை ஆட்டுனாரு பாரு, இல்ல இல்லன்னு. படுக்கையே ஆடுற மாதிரி ஆட்டுனாரு. அவருக்கும் புரிஞ்சுபோச்சு. எனக்கும் புரிஞ்சுபோச்சு."

"ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அதைச் சொல்லும்போதும் அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா கைப்பையைத் திறந்தாள். உள்பையிலிருந்து, தீப்பெட்டி அளவுக்கு மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாளை எடுத்தாள்.

"சாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அவர் சம்சாரத்துக்குத் தெரியாம வந்து குடுத்துட்டுப் போனாரு. பெரியவ என்னைக்காவது உண்மையைச் சொன்னா, அன்னைக்குக் குடுங்கன்னாரு. சொல்லலேன்னா வேண்டாம்னாரு. பின்னாடி என்னமோ எழுதியிருக்கு. நான் படிக்கல."

பெரியவள் தாளை வாங்கிக்கொண்டாள். மடிப்புக்கு வெளியே பென்சில் எழுத்தின் வால் ஒன்று தெரிந்தது. பிரிக்க விரல் வரவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறோம்," என்றான் தம்பி எழுந்துகொண்டே. "அந்தம்மா அஞ்சு மாசமா அப்பாவைச் சபிச்சுட்டு இருக்காங்க. நீயே சொல்லு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"சரி."

"ஏங்க," என்றார் அத்தனை நேரமும் ஓரமாக நின்ற வாடிக்கையாளர், ரொம்பவும் தயங்கி. "அந்த விளக்கு இன்னொண்ணு இருக்குங்களா? இல்ல, நான் நாளைக்கு வரட்டுமா?"

தம்பி கன்னத்து ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். அப்பாவின் நாற்காலியை ஓரமாக நகர்த்திப் பிரேக்கைப் போட்டான். ஏணியைத் தள்ளிக்கொண்டு போய், பழைய இடத்தில் நிறுத்தினான். சிதறிய கண்ணாடி அவன் செருப்பின் கீழ் நொறுங்கியது. முதல் படியில் ஒரு காலை வைத்தான்.

"பிடிச்சாச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. கலர் மாமா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நான்கு வரிசைகளிலும் அந்தக் கேள்வி போய், ஆளைக் காணாமல் நின்றது. அதுவரைக்கும் அந்தக் கடை அப்படியோர் அமைதியைக் கேட்டதில்லை.

பெரியவள் தாளைப் பிரிக்காமலே, மேலே போட்டிருந்த கடைச் சட்டையின் பைக்குள் வைத்தாள். ஏணியின் பின்னால் போய் நின்று, வலது பாதத்தை இடது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பற்றினாள். அவள் நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் போய், இரும்பு தேய்ந்து, இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒன்பது மாதமாக யாரும் தொடாத இடம். இருந்தும் அது சில்லென்று இல்லை.

"பிடிச்சாச்சு," என்றாள்.

தம்பி ஏறவில்லை. அந்தக் கடையில் யாருமே செய்யாத ஒன்றைச் செய்தான். குனிந்து, அவளுடைய பாதத்தைப் பார்த்தான், பிறகு இரண்டு கைகளையும் பார்த்தான், பிறகு நெடுநேரம் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அடுத்த காலைத் தூக்கி வைத்தான்.

அறைக்குள் ஃபோன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. மேசைமேல் மூன்று பெயர்களோடு தாள் கிடந்தது. சட்டைப் பைக்குள் ஏணிக்காரரின் தாள் அவள் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லச் சரசரத்தது. இரண்டு கையும் ஏணியில் இருந்ததால் அவளால் ஃபோனையும் எடுக்க முடியவில்லை, அதையும் எடுத்துப் படிக்க முடியவில்லை.